பொங்கல் வாழ்த்து அட்டை ஏன் அப்பளமாய் வளைகிறது?

திருமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அரையாண்டு விடுமுறையில் தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து 40 பொங்கல் வாழ்த்து அட்டைகள் செய்து, சொந்தக்காரர்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று ஆசை. போன தீபாவளிக்கும் இதே மாதிரி செய்தாராம். சார்ட் பேப்பர் வாங்கி, வெட்டி, கலர் பேப்பர் ஒட்டி, திறந்தால் எழுந்து நிற்கிற மாதிரி உள்ளே ஒரு குத்துவிளக்கும் வைத்திருக்கிறார். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தன. மடித்த இடத்தில் கலர் வெடித்து வெள்ளை தெரிந்தது. விளக்கு எழுந்து நின்றது, ஆனால் அட்டையை மூடினால் அதன் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மதுரையில் நல்ல பேப்பரும் நல்ல பசையும் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுதான் அவர் கேள்வி.

கடையைக் கேட்டாலும், அவருக்குத் தெரிய வேண்டியது வேறு மூன்று விஷயங்கள் என்று நினைக்கிறேன். ஏன் வளைந்தது, ஏன் வெடித்தது, ஏன் மூடவில்லை. இவற்றுக்கு விடை தெரியாமல் எவ்வளவு விலைக்குப் பேப்பர் வாங்கினாலும் மறுபடி அப்பளம்தான். நான் மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தின் பைண்டிங் மேசையில் 22 வருஷம் இருந்தவன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், அப்புறம் நோட்டு, ரசீதுப் புத்தகம். படம் வரையத் தெரியாது, வாட்டர் கலர் பக்கம் போனதே இல்லை. ஆகவே அட்டையை அழகாக்குவது பற்றி என்னிடம் அதிகம் கேட்காதீர்கள். தாளை வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது இந்த மூன்றில் மட்டும் நான் சொல்வதை நம்பலாம்.

முதலில் வெடிப்பு. மில்லில் தாள் செய்யும்போது கூழ் ஓடுகிற கம்பி வலையில் விழுகிறது. வலை ஓடுகிற திசையிலேயே கூழின் நார்கள் பெரும்பாலும் படுத்துக்கொள்கின்றன. அதனால் எந்த மில் தாளுக்கும் ஒரு ஓட்டம் உண்டு. பிரஸ்ஸில் இதைக் கிரெய்ன் என்பார்கள். விறகைப் பிளக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நார் ஓடுகிற போக்கில் மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் நார்கள் ஒடிந்து, மேல் பூச்சும் கலரும் பிளந்து, உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். தாள் கனமாக ஆக இது கூடும். கனத்தை ஜிஎஸ்எம் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் தாள் கனம். 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் கண்ணுக்கே தெரியாது, 250 ஜிஎஸ்எம் கருநீல அட்டையில் ஒரு அடி தள்ளி நின்றாலும் தெரியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம் என்று ஞாபகம். மெரூன் கலர் அட்டையில் 500 கல்யாணப் பத்திரிகை. ஒரு பெரிய ஷீட்டில் நேராக வெட்டினால் ஓரத்தில் ஒரு பட்டை வீணாகிறது என்று பார்த்து, அந்தப் பட்டையிலும் இரண்டு அட்டை எடுக்கலாமே என்று சிலவற்றைத் திருப்பிப் போட்டு வெட்டினேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. மடித்தபோது திருப்பி வெட்டிய அட்டை மட்டும் ஒவ்வொன்றும் முதுகில் வெள்ளைக் கோடு காட்டியது. நேராக வெட்டியதோடு கலந்தும் விட்டது. அன்று ராத்திரி முழுக்க மெரூன் ஸ்கெட்ச் பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முதுகாகத் தேடித் தடவியதுதான் மிச்சம். விடிந்து பார்த்தால் என் விரல் பத்தும் மெரூன்.

சரி, உங்கள் தாளின் ஓட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மடிக்காமல், தாளை நீளவாக்கில் லேசாக வளைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் முதுகு போகிற திசைதான் ஓட்டம். கைக்குப் பழகாதவர்களுக்கு இது குழப்பும். அப்படியானால் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, எந்தப் பக்கம் எதுவென்று பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் மட்டும் ஈரத் துணியால் தடவுங்கள். சில நொடிகளில் அது குழாய் மாதிரி சுருளும். குழாய் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுதான் ஓட்டம். இதில் தப்பு வராது, பிள்ளைகளுக்கும் வேடிக்கையாக இருக்கும்.

ஏ4 அளவில் வெட்டி வருகிற தாள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓட்டம் கொண்டது, அதாவது 297 மில்லிமீட்டர் பக்கமாக. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வசதி. ஏ4-ஐ அப்படியே பாதியாக மடித்தால் மடிப்பு ஓட்டத்துக்குக் குறுக்கே விழும், வெடிக்கும். அதே ஏ4-ஐ முதலில் இரண்டாக வெட்டி, கிடைக்கிற 210-க்கு 148 துண்டை மறுபடி பாதியாக மடித்தால் மடிப்பு ஓட்டத்தின் போக்கிலேயே விழும். மடித்தபின் 148-க்கு 105 அளவில், கைக்கு அடக்கமான அட்டை. உங்கள் 40 அட்டைக்கு 20 தாள் போதும், சேதாரத்துக்கு ஐந்து சேர்த்து 25 வாங்குங்கள். ஏ4 பொட்டலத்துக்கு இது அநேகமாகச் சரியாக வரும். ஆனால் சார்ட் பேப்பரும் பெரிய ஷீட் அட்டையும் மில்லுக்கு மில், வெட்டுக்கு வெட்டு மாறும். அதில் என் வார்த்தையை நம்பாதீர்கள், ஈரத் துணியை நம்புங்கள்.

மடிக்குமுன் கோடு அழுத்த வேண்டும். பிரஸ்ஸில் கிரீசிங் போடுவது என்போம். வீட்டில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் இரும்பு ஸ்கேலும் போதும். அடியில் மெத்தென்று ஏதாவது இருக்க வேண்டும், பழைய தினசரிக் காலண்டர் அட்டை அருமையாக இருக்கும். டிசம்பர் 31 அன்று ஆணியிலிருந்து கழற்றுவீர்கள் இல்லையா, அதைத் தூக்கிப் போடாதீர்கள். முன்னால் இருக்கிற சாமி படத்தைக் குப்புறப் படுக்க வைத்துப் பின்பக்கத்தில் வேலை செய்யுங்கள், பேனா அழுத்திச் சாமி முகத்தில் கோடு விழுந்ததென்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். இன்னொன்று, எல்லோரும் தலைகீழாகச் செய்வது. கோடு அழுத்தினால் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் சின்ன மேடும் வரும். பள்ளத்துக்குள் மடிக்கத்தான் கை போகும். அப்படி மடிக்கக் கூடாது. மேடு அட்டையின் உள்ளே வருகிற மாதிரி, பள்ளம் வெளிமுதுகில் இருக்கிற மாதிரி மடிக்க வேண்டும். அப்போதுதான் வெளிப்பக்கத்துப் பூச்சு அதிகம் இழுபடாமல் தப்பிக்கும். ஆக அட்டையின் வெளிப்பக்கத்திலிருந்துதான் கோடு அழுத்த வேண்டும்.

என்ன தாள் என்று கேட்டால், வெளி அட்டைக்கு 220-லிருந்து 250 ஜிஎஸ்எம்வரை பூச்சில்லாத அட்டை. கடையில் பளபளவென்று ஆர்ட் போர்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அது அச்சடிக்க நல்லது. பிள்ளைகள் ஜெல் பேனாவால் எழுதினால் மை காயாமல் இழுபடும், மடிப்பில் பூச்சும் சீக்கிரம் வெடிக்கும். உள்ளே எழுந்து நிற்கிற வேலைக்கு 120 ஜிஎஸ்எம் சுற்றில் ஒன்று. அலங்காரத்துக்குக் காற்றாடித் தாளும் கிளேஸ் பேப்பரும் போதும். கைக்காகிதம் வாங்கலாமா என்றால், தாராளமாக. சல்லடையில் கையால் தோய்த்து எடுப்பதால் அதில் ஓட்டம் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மடிக்கலாம். பேனா மை பரவும், அது ஒன்றுதான் குறை.

எந்தக் கடை என்ற கேள்விக்கு வருகிறேன். மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் பிரஸ் இருக்கிற சந்தாகப் பார்த்துப் போங்கள், பக்கத்திலேயே அச்சகங்களுக்குத் தாள் கொடுக்கிற பேப்பர் ஸ்டோர் இருக்கும். ஸ்டேஷனரிக் கடையில் பத்துப் பத்தாக உறையில் போட்டு விற்பதைவிட அங்கே மலிவு. அதைவிட நல்ல யோசனை ஒன்று. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் போய் வெட்டுத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டிங் மெஷினுக்குக் கீழே விழுகிற பட்டைகள் இருக்கின்றனவே, தங்க ரேகை ஓடிய தாள், முத்து மினுக்குத் தாள், வெல்வெட் ஒட்டிய அட்டை, அதெல்லாம் எடைக்குப் போகிற பொருள். கரும்புக்கும் தோகைக்கும் கோலப் பட்டைக்கும் அது தாராளம். அப்படியே நீங்கள் வாங்கிய தாளையும் கொடுத்து இரண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். வேலை நெருக்கடி இல்லாத நேரமாகப் போனால் டீக்காசில் முடியும். 25 தாளைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டுவேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள், என்னால் இன்றும் முடியாது.

வீட்டிலேயே ஒரு புதையல் இருக்கும், பழைய கல்யாணப் பத்திரிகைகள். முகப்பில் பிள்ளையார் இருப்பதால் குப்பையில் போட மனசு வராமல் பீரோ மேலே சேர்ந்திருக்கும். அதில் சாமியை விட்டுவிட்டு மயில், வாழை மரம், மாவிலைத் தோரணம், தங்க ஓரம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தலைமுறைக்குப் பொங்கல் வாழ்த்து என்றால் சிவகாசியில் அச்சாகி வந்து தை பிறப்பதற்கு முன் தெருவோரக் கடைகளில் கயிற்றில் தொங்கும் அட்டைதான். எம்ஜிஆர், சிவாஜி, அப்புறம் ரஜினி, கமல், நடுவில் ஒரு பசுவும் கன்றும். அந்தக் கடைகள் இப்போது கண்ணில் படுவதே அபூர்வம். கையால் செய்கிறவர்கள் அந்த அட்டைகளின் நிறங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம், மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை. வெளிர் ரோஸில் பொங்கல் பானை செய்து ஒரு குழந்தை என்னிடம் காட்டியது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது பிறந்தநாள் கேக் என்று நினைத்துவிட்டேன்.

இனி வளைவு. தாள் தண்ணீர் குடிக்கும். குடித்தால் ஓட்டத்தின் போக்கில் கொஞ்சமும், குறுக்கே நிறையவும் விரியும். நீங்கள் அட்டை முழுக்கப் பசை தடவி அதன்மேல் கலர் பேப்பரை வைத்தபோது அந்த மெல்லிய தாள் ஈரத்தில் விரிந்த நிலையில் ஒட்டிக்கொண்டது. ராத்திரி காயக் காயச் சுருங்கி, தன்னோடு அட்டையையும் இழுத்தது. எந்தப் பக்கம் ஒட்டினீர்களோ அந்தப் பக்கமாகக் குழிந்திருக்கும், எடுத்துப் பாருங்கள். மின்விசிறிக்குக் கீழே காயவைத்திருந்தால் இன்னும் மோசம், மேல் பக்கம் முந்திக் காயும். தீபாவளி வேறு ஐப்பசி அடைமழைக் காலம், தாள் கடையிலிருந்து வரும்போதே ஈரம் குடித்துத்தான் வந்திருக்கும். மார்கழிக் கடைசியில் அந்தத் தொல்லை குறைவு. காலைப் பனிக்கு மட்டும் சன்னலோரம் வைக்காதீர்கள்.

ஆகவே பசையில் எது உசத்தி என்பதைவிட எதில் தண்ணீர் குறைவு, எவ்வளவு குறைவாகத் தடவலாம் என்று பாருங்கள். தாள் மேல் தாள் ஒட்ட க்ளூ ஸ்டிக் போதும். முழுப் பரப்புக்கும் வேண்டாம், நான்கு ஓரமும் நடுவில் ஒரு இழுப்பும். இரட்டைப் பக்க டேப் வளைக்கவே வளைக்காது, ஆனால் ஒட்டியபின் நகர்த்த முடியாது, பிள்ளைகள் கோணலாக வைத்துவிட்டு அழுவார்கள். ஃபெவிகாலைத் தண்ணீர் கலக்காமல் கடுகளவு வைத்து, ஒரு அட்டைத் துண்டால் கண்ணாடி மாதிரி இழுத்துவிட வேண்டும். செலோடேப்பை மட்டும் தொடாதீர்கள், சில வருஷத்தில் பழுப்பேறிப் பிசுபிசுக்கும். எங்கள் மேசையில் ஆண்டது மைதாப் பசை. ஒரு பங்கு மைதாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடியாகிற வரை கிண்டி, ஆறியபின் துணியில் வடிகட்டுவது. கைக்காகிதத்துக்கு அதுதான் இன்றும் நல்லது. ஆனால் தண்ணீர் அதிகம், முழுக்கத் தடவினால் பாரம் வைக்காமல் தப்ப முடியாது. பைண்டர்கள் அதில் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற பசையில் கூடவே கூடாது. துத்தம் போடாத பசை இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குக் கிண்டிக்கொள்ளுங்கள்.

ஒட்டிய பிறகு பாரம். வெறும் வெள்ளைத் தாள், அட்டை, வெள்ளைத் தாள் என்று அடுக்கி, கீழே ஒரு காலண்டர் அட்டை, மேலே ஒரு காலண்டர் அட்டை, அதன்மேல் கனமான புத்தகம் நாலைந்து. நடுவில் செய்தித்தாள் வைத்தால் மை அட்டையில் இறங்கும். ஒரு ராத்திரி முழுக்க இருக்கட்டும். அரை மணியில் எடுத்துப் பார்க்கிற அவசரக்காரர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். முன்பக்கம் பெரிதாக ஒட்டியே ஆக வேண்டும் என்றால் அதே இடத்துக்கு நேராக உள்பக்கமும் அதே மாதிரி ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். இரண்டும் எதிரெதிராக இழுத்து அட்டை நேராக நிற்கும். ஒட்டுகிற தாளின் ஓட்டமும் அட்டையின் ஓட்டமும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மூன்றாவது, மூடாத விளக்கு. இது வெறும் கணக்கு. பொங்கல் பானையை வைத்தே சொல்கிறேன். 120 ஜிஎஸ்எம் உள்தாளை வெளி அட்டையைவிட எல்லாப் பக்கமும் 2 மில்லிமீட்டர் குறைத்து வெட்டிப் பாதியாக மடியுங்கள். மடிப்பின் நடுவில் 4 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மடிப்பிலிருந்து உள்நோக்கி 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு வெட்டு. வெட்டுகளின் முனையை இணைத்துக் கோடு அழுத்தி, அந்தப் பட்டையை உள்ளே தள்ளினால் திறக்கும்போது ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கும். ஒரு பாதி தரையில் படுத்தும் மறு பாதி சுவர் மாதிரி நிமிர்ந்தும் இருக்கிறதாக வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டின் முன்முகத்தில்தான் பானையை ஒட்ட வேண்டும், மேல்முகத்தில் பசை படவே கூடாது. இப்போது மூடும்போது பானை மடிப்பிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளிப் படுக்கும், அங்கிருந்து அதன் உயரம் முழுக்க வெளிப்பக்கமாக நீளும். உங்கள் அட்டையின் ஒரு பாதி 10.5 சென்டிமீட்டர். அதில் 3 போக மிச்சம் 7.5. ஓரத்துக்கு அரை சென்டிமீட்டர் விட்டால் பானை, பொங்குகிற நுரை, மேலே நீளும் கரும்பு எல்லாம் சேர்ந்து 7 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் விளக்கு தாண்டியிருக்கும், அவ்வளவுதான் விஷயம். வெட்டின் நீளமும் பொருளின் உயரமும் சேர்ந்து அட்டையின் பாதிக்குள் அடங்க வேண்டும்.

அந்த உள்தாளை வெளி அட்டையில் ஒட்டுகிறபோதும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டையும் விரித்து வைத்து ஒட்டினால் தாளின் தடிமனுக்கு இடமில்லாமல் போய், மூடும்போது முதுகு விறைத்து நிற்கும். முதல் பாதியை மட்டும் ஒட்டுங்கள். பிறகு உள்தாளை மடித்தே வைத்து, அதன் மேல் பாதியின் முதுகில் பசை தடவி, வெளி அட்டையை அதன்மேல் மூடி அழுத்துங்கள். உள்தாள் தானாகத் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டையில் பசை போய்விடாமல் ஒரு துண்டுத் தாளைச் செருகி வைத்து, கடைசியில் உருவிவிடுங்கள். புத்தகத்துக்கு அட்டை போடுவதும் இப்படித்தான், விரித்து வைத்து ஒட்டுகிறவன் பைண்டரே இல்லை என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் திட்டுவார்.

மதுரைப் பக்கத்துப் பையன்கள் பானையோடு நிற்க மாட்டார்கள், காளை வேண்டும் என்பார்கள். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அடுத்த நாள் அலங்காநல்லூர் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். காளைத் தலைக்குப் படிக்கட்டு உதவாது. ஒரு தாளை மடித்து, மடிப்பு மூக்கின் நடுவில் வருகிற மாதிரி பாதி முகமும் ஒரு கொம்பும் வெட்டுங்கள். அடியில் இருபுறமும் ஒட்டுவதற்கு நாக்கு விடுங்கள். அட்டையின் நடு மடிப்பில் மூக்கின் நுனி உட்கார, நாக்குகள் இரண்டும் மடிப்பிலிருந்து சம கோணத்தில் இருபுறமும் விரிய வேண்டும், ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியை வைத்து 45 பாகை குறியுங்கள். ஒரு பக்கம் 45, மறுபக்கம் 50 என்றால் மூடாது, மூடினால் கிழியும். இதற்கும் அதே சூட்சுமம்தான். ஒரு நாக்கை ஒட்டி, தலையை மடக்கிப் படுக்க வைத்து, மற்ற நாக்கில் பசை தடவி, அட்டையை மூடிவிட்டால் அது சரியான இடத்தில் போய் ஒட்டும். கொம்பு வெளியே நீட்டினால் அப்போதே கத்தரித்துவிடலாம்.

கரும்பைச் சுருட்டி உருண்டையாகச் செய்யாதீர்கள், தபாலில் நசுங்கும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற செங்கரும்பு நிறத்தில், அந்தக் கருஞ்சிவப்பில், ஒரு பட்டை எடுத்து நகத்தால் 8 மில்லிமீட்டருக்கு ஒருமுறை அழுத்தி மடித்து நிமிர்த்தினால் கணு கணுவாகத் தட்டையாகவே கரும்பு வந்துவிடும். நீங்கள் எழுதுகிற தாளிலேயே கரும்பு இருக்கலாம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கிற தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையில்தான் பெருமளவு தாள் செய்கிறது. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், தாளை முகர்ந்து பார்க்க ஆரம்பிப்பார்கள்.

கோலத்தை வெட்டி ஒட்டுவதற்குக் காற்றாடித் தாள்தான் சரி. சதுரத் தாளை மூன்று முறை மடித்தால் எட்டு அடுக்கு, நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு அது பொருந்தும். இடுக்குப்புள்ளிக் கோலத்தின் ஆறு மூலைக்குப் பாதி மடித்து, அதை மூன்றாக மடித்து, மறுபடி பாதியாக்கினால் பன்னிரண்டு அடுக்கு. 80 ஜிஎஸ்எம் தாளில் இதைச் செய்தால் உள்ளடுக்கு நழுவி ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு அளவில் வரும். சிக்குக் கோலத்தை வெட்ட முயலாதீர்கள். கோடு புள்ளியைச் சுற்றி வளைவதால், வெட்டினால் உள்ளே இருக்கிற துண்டெல்லாம் உதிர்ந்துவிடும், அதற்கு வெள்ளை ஜெல் பேனாதான். பூக்கோலமும் தாமரையும் வெட்ட ஏற்றவை.

இன்னொரு வித்தை, பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர்கள் செய்துகாட்டுவது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் தடவி நிழலில் காயவையுங்கள். அதன்மேல் காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற அதே சங்கதி. சுண்ணாம்புத் தண்ணீரில் இன்னும் பளிச்சென்று வரும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து, பெரியவர்கள் மட்டும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும், அதனால் அட்டையின் உள்பக்கத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் படுகிற வேலை என்பதால் தடவி, காயவைத்து, பாரம் வைத்து எடுத்தபின்தான் வெட்ட வேண்டும். எழுதும்போது "வாழ்த்துகள்" என்று நடுவில் ஒற்று போடாமல் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குடும்பத்தில் இருக்கிற தமிழாசிரியர் அட்டையைப் பார்க்காமல் அதைத்தான் பார்ப்பார்.

தபாலுக்கு வருவோம். கடிதத்தின் எடை 20 கிராமைத் தாண்டினால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, நம் அட்டை விரித்தால் அதில் 32-ல் ஒரு பங்கு. ஆக 250 ஜிஎஸ்எம் வெளி அட்டை 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, 120 ஜிஎஸ்எம் உள்தாள் 4 கிராமுக்குள், உறை ஒரு 4 கிராம். மிச்சம் இருக்கிற 4 கிராமில் பானை, கரும்பு, பசை எல்லாம் அடங்க வேண்டும். குந்தன் கல்லும் சிப்பியும் ஒட்டினால் அடங்காது, முத்திரை குத்துகிறபோது உடையவும் செய்யும். ஜிகினாத் தூளும் வேண்டாம். அது பொங்கலுக்குப் போட்டால் சித்திரைத் திருவிழா வரைக்கும் வீட்டில் எங்காவது மினுங்கிக்கொண்டிருக்கும். உறையை நீங்களே செய்யலாம். 114-க்கு 162 மில்லிமீட்டர் உறைக்கு ஒரு ஏ4 தாள் போதும், மடக்கு நாக்கு 4 சென்டிமீட்டரும் பக்க நாக்குகள் ஒன்றரை சென்டிமீட்டரும் வைத்தாலும் மிச்சம் வரும். முகவரி எழுதுகிற பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும், பின்கோடு மறக்க வேண்டாம்.

40 அட்டையையும் செய்து முடித்துவிட்டு அனுப்பாதீர்கள். விடுமுறை தொடங்கியதும் ஒன்றே ஒன்றை முழுசாகச் செய்து, உறையில் போட்டு, தபால் நிலையத்தில் எடை பார்த்து, உங்கள் வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். வந்ததும் பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். பானை எழுந்து நின்றால் மிச்சம் 39-க்கும் தாளை வெட்டலாம். கரும்பு ஒடிந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் குறைத்து, அப்புறம் வெட்டுங்கள்.